முப்பத்திரண்டாவது ஆள்

குழாய்த் துணிக்குள் இடது கையை விட்டபோது உள்ளே காற்று வீசியது.

வேலாத்தாள் கையை அசைக்காமல் வைத்திருந்தாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. பனியன் துணி மிஷினிலிருந்து இறங்கும்போதே தையல் இல்லாத குழாயாகத்தான் இறங்கும். ஓர் ஆளின் மார்பு அகலம், நூறு கஜ நீளம். சலவைப் பட்டறைக்குப் போய் வெளுத்து, வெயிலில் காய்ந்து திரும்பி வந்ததும், அதன் வாயில் கையை விட்டு விரல்களை விரித்து, துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோள்வரைக்கும் ஏற்றிக்கொண்டே ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை அவள் கை அந்த வெள்ளைக் குழாய்க்குள் போய் வருகிறது. உள்ளே சுண்ணாம்பு வாடையும் வெயில் சூடும் இருக்கும், வேறொன்றும் இருக்காது.

இன்றைக்குக் காற்று இருந்தது. வெளியில் பங்குனி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, ஓர் இலைகூட அசையவில்லை. துணியின் மறுமுனை மேஜைக்குப் பக்கத்தில் மடிந்து கிடந்த குவியலுக்கு அடியில் எங்கோ இருந்தது. அப்படியிருக்க, ரொம்ப தூரத்திலிருந்து கிளம்பி வருகிற மாதிரி ஈரமாக ஒரு காற்று விரல் இடுக்குகளில் நுழைந்து முழங்கை வரைக்கும் வந்து போயிற்று. கையை வெளியே எடுத்துப் பார்த்தாள். கை காய்ந்துதான் இருந்தது. பொழுதன்னிக்கும் இதே வேலை, கை மரத்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் உள்ளே விட்டாள்.

இரண்டு மணிக்குப் பவர் கட். எழுபத்திரண்டாம் வருஷம் போனதிலிருந்து தினமும் இதே பாடுதான். நிட்டிங் மிஷின்கள் ஒவ்வொன்றாக இரைச்சலை நிறுத்த, காது விண்ணென்றது. மற்ற பெண்கள் எழுந்து வேப்ப மரத்து நிழலுக்குப் போனார்கள். பக்கத்து மேஜைத் தெய்வாத்தாள், இந்த வேக்காட்டில் எதற்கு உட்கார்ந்து வேகிறாய், வா என்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். வேலாத்தாள் போகவில்லை. அவளுக்கு வெயில் நிழல் எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை அவளுடைய அண்ணன் செங்கோட்டையன் ஆற்றங்கரையில் அவள் புருஷனின் காரியத்துக்கு ஏற்பாடு செய்திருந்தான். எட்டு மாதம் ஆகிவிட்டது, உடம்பு கிடைக்கப்போவதில்லை, சித்திரை பிறப்பதற்குள் தாலியை எடுத்துவிட வேண்டும் என்றான். அதற்கும் சரி என்று சொல்லியிருந்தாள். சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள்.

அவள் புருஷன் நல்லான் கிணறு வெட்டுகிறவன். மண் தீர்ந்து பாறை தொடங்குகிற இடத்தில்தான் அவனைத் தேடி வருவார்கள். பாறையில் குழி போட்டு, மருந்து கெட்டித்து, திரி வைத்து வெடிக்கச் செய்வது அவன் தொழில். வீரபாண்டிப் பக்கத்தில் அவன் இறங்காத கிணறு கம்மி. போன வருஷம் தை முடிந்ததும் வெள்ளைச் சட்டை போட்ட காண்ட்ராக்ட் கணக்கப்பிள்ளை ஒருவர் வந்தார். தனுஷ்கோடி ரயிலைப் புயல் கொண்டுபோய்விட்டதல்லவா, இனிமேல் புயல் தொட முடியாத மாதிரி கடலுக்கு அடியிலேயே குகை குடைந்து சிலோனுக்கு ரயில் விடப்போகிறார்கள், இப்போதைக்குச் சோதனைக்காகக் கொஞ்ச தூரம் குடைகிறோம், கருங்கல்லோடு மல்லுக்கு நிற்கிறவர்கள் உங்கள் ஊர் ஆட்கள்தான் என்றார். டீக்கடையில் ஒரு வாரம் இதே பேச்சு. இங்கே பலகாரம் தின்றுவிட்டு ஏறினால் கொழும்பில் கை கழுவலாம் என்று கேலி செய்தார்கள். பனியன் கம்பெனி முதலாளிகள்கூட, பண்டலைக் கப்பலில் ஏற்றி இறக்குகிற தொல்லை விட்டது என்று சந்தோஷப்பட்டார்களாம். சுற்று வட்டாரத்திலிருந்து முப்பத்திரண்டு பேர் லாரி ஏறினார்கள். நல்லானும் பக்கத்து வீட்டு லிங்கசாமியும் ஒரே பலகையில் உட்கார்ந்து போனார்கள்.

நல்லான் கிணற்றுக்குள் இறங்கும்போதெல்லாம் மேலே கயிறு பிடித்தவள் வேலாத்தாள். ஆழக் கிணற்றில் கத்தினால் குரல் சுவரில் மோதி நாலாக உடையும்; தூக்கு என்றானா இறக்கு என்றானா என்று தெரியாது. அதனால் கயிறுதான் பேசும். கீழேயிருந்து ஓர் இழுப்பு என்றால் கல் கூடையைத் தூக்கு. இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் திரி வைத்தாயிற்று, ஆளைத் தூக்கு. மூன்று வந்ததும் மேலே இருப்பவள் பதிலுக்கு ஒன்று இழுக்க வேண்டும்: நான் இருக்கிறேன், கேட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த ஒன்றை இழுத்துவிட்டால் அப்புறம் ஆள் மேலே வந்து கால் ஊன்றுகிற வரைக்கும் கயிற்றை விடவே கூடாது, வீடே பற்றி எரிந்தாலும் சரி. கூட எத்தனை பேர் இறங்கியிருந்தாலும் அவர்கள் எல்லோரும் முதலில். திரி வைத்தவன் கடைசி. பதினோரு வருஷம் நல்லான் கடைசியாகத்தான் ஏறி வந்தான். பதினோரு வருஷமும் அவள் கை கயிற்றில் இருந்தது.

ஆடி கடைசியில், முப்பத்திரண்டு பேரும் உள்ளே இருக்கும்போது குகைக்குள் கடல் புகுந்துவிட்டது என்று தகவல் வந்தது. ஆறாம் நாள் வீட்டு ஆட்களை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவள் கடலைப் பார்த்தது அன்றைக்குத்தான். அதையும் சரியாகப் பார்க்கவில்லை. குகை வாய்க்கு இரண்டு பக்கமும் பெரிய பம்புகள் ஓடின, பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. உப்பு அழுகல் நாற்றமும் வெடிமருந்துப் புகையும் கலந்து ஒரு வாடை அடித்தது. கணக்கப்பிள்ளை ஒரு காகிதத்தை நீட்டி, வாயை அடைக்காவிட்டால் கரையே உள்வாங்கிவிடும் என்று இஞ்சினியர்கள் சொல்கிறார்கள், உள்ளே யாரும் உயிரோடு இல்லை என்று வீட்டு ஆட்கள் ஒப்புக்கொண்டால் அடைத்துவிடலாம் என்றார். வரிசையாகப் பெருவிரல் வைத்தார்கள். அவள் முறை வந்தபோது, மண் வண்டியை இழுக்கிற இரும்புக் கயிறு ஒன்று இரண்டடி தள்ளிக் கிடப்பதைப் பார்த்தாள். அது வாய்க்குள் போய் இருட்டில் மறைந்தது. அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

“வெச்சுடு கண்ணு,” என்றான் செங்கோட்டையன், அவள் காதுக்குள் வாயை வைத்து. “ஆறு நாளாச்சு.”

தொட்டிருந்தால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். பம்பு இரைச்சலில் காதுக்கு ஒன்றும் கேட்காதுதான், கைக்குக் கேட்டிருக்கும். ஆனால் பின்னால் பெண்கள் நின்றார்கள், கணக்கப்பிள்ளை அவள் விரலைப் பிடித்து மையில் அழுத்தினார், அவளும் வைத்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் கான்கிரீட் ஊற்றி முடித்தார்கள். அன்றிலிருந்து அவளுக்கு உப்பும் உறைப்பும் தெரியவில்லை. அழுகை வரவில்லை. பாவி, கல் நெஞ்சுக்காரி என்று எதிர்வீட்டுப் பழனாயி மாதிரி ஆட்கள் முதுகுக்குப் பின்னால் பேசியது காதில் விழுந்தது. அதுவும் உறைக்கவில்லை.

செக்கிங் அறை அமைதியாக இருந்தது. கூரையில் பதித்த கண்ணாடி ஓடு வழியாக ஒரு சதுர வெயில் இறங்கி, சிமெண்ட் தரையில் கிடந்தது. வேப்ப மரத்தடியில் தெய்வாத்தாள் எதற்கோ சிரிப்பது கேட்டது. வேலாத்தாள் துணியைத் தோள்வரைக்கும் ஏற்றினாள், தள்ளினாள், மறுபடியும் ஏற்றினாள். காற்று நிற்கவில்லை. இப்போது அதில் வாடை இருந்தது. சலவைப் பட்டறையில் ஏதாவது கலந்துவிட்டார்களோ என்று மூக்கருகில் துணியைக் கொண்டுபோனாள். உப்பு, அழுகல், அதற்கடியில் மருந்துப் புகை. எட்டு மாதமாக ரசத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாத மூக்குக்கு அது தெரிந்தது.

துணி அவள் கையிலிருந்து கொஞ்சம் உள்ளே போயிற்று.

மேஜைக் காலில் சிக்கியிருக்கும். குனிந்து பார்த்தாள். சிக்கவில்லை.

இன்னொரு தடவை போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து மூன்றாவது. ஒரே சீராக, அவசரமில்லாமல், வேலை தெரிந்த கை இழுக்கிற மாதிரி.

அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் எழுந்து ஓடியிருப்பாள். கை மட்டும் அதன் பாட்டுக்குத் துணியை இறுகப் பிடித்தது, மணிக்கட்டைத் திருப்பியது, ஒரு தடவை இழுத்தது. பதில் போய்விட்டது.

அப்புறம்தான் பயம் வந்தது. எட்டு மாதத்தில் அவளுக்குள் வந்த முதல் உணர்ச்சி அது. விட்டுவிட்டு வெளியே போய்விடலாம். இருபது எட்டு வைத்தால் வெயில், வேப்ப மரம், ஆட்கள். ஆனால் ஒன்று இழுத்துவிட்டாள். ஒருமுறை கயிற்றைத் தொடாமல் வந்தவள் அவள். இன்னொரு முறை விட்டுவிட்டுப் போக முடியாது. காலை மேஜைக் காலில் முட்டுக்கொடுத்து, தரையில் உட்கார்ந்து, துணியைக் கைக்குக் கை மாற்றி இழுக்கத் தொடங்கினாள்.

கனத்தது. பழக்கமான கனம். நாலைந்து கஜம் துணி வந்ததும் ஈரம் தட்டியது. அதற்கப்புறம் வந்த துணி சொட்டச் சொட்ட வந்தது. தண்ணீர் அவள் மடியில் வழிந்து சேலையை நனைத்தது. உதட்டில் தெறித்ததை நக்கினாள். உப்பு. உப்பு என்று நாக்குக்குத் தெரிந்தது.

துணிக்குள் ஒரு கை அவள் கையைப் பிடித்தது.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அந்தக் கை ஜில்லென்று, ஊறிப்போய், தோல் தளர்ந்து இருந்தது. அது நல்லானுடைய கை இல்லை. கயிறு பிடிக்கிறவளுக்கு யார் கை என்று கேட்கிற உரிமை கிடையாது. இழுத்தாள். குழாய் உப்பியது. ஆள் மார்பு அகலத்துக்குப் பின்னின துணிதானே, ஆள் அளவுக்கு உப்பியது. தலை, தோள், இடுப்பு. அவள் கை மேல், மடி மேல், முழங்கால் மேல் ஒரு பாரம் நழுவிப் போயிற்று. சிமெண்ட் தரையில் ஈரக் கால் இரண்டு ஊன்றுகிற சத்தம். அந்தக் கால்கள் அவளைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய் நின்றன.

துணியில் மறுபடியும் மூன்று இழுப்பு.

ஒன்று இழுத்தாள். அடுத்த கை. இதுவும் ஜில். இதுவும் அவன் இல்லை.

மூன்று. ஒன்று. அடுத்தது.

நாலு பேர் வரைக்கும் பயந்தாள். ஐந்தாவது ஆளுக்குப் பிறகு பயமும் அதன் போக்கில் மரத்துவிட்டது. தோள் வலித்தது, உள்ளங்கை எரிந்தது. எண்ணிக்கொண்டே இழுத்தாள். பின்னால் யாரும் மூச்சு விடுகிற சத்தம் இல்லை. தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் ஒவ்வொரு ஆளுக்கும் கூடிக்கொண்டே வந்தது. பதினேழு. பதினெட்டு. தரைத் தண்ணீர் அவள் கணுக்காலைத் தொட்டது. கண்ணைத் திறக்கவில்லை. இருபத்தாறாவது ஆள் நழுவி இறங்கியபோது, நகராமல் அவள் பக்கத்திலேயே குந்தினான். உப்புத் தண்ணீர் கொப்பளிக்கிற குரல்தான், ஆனாலும் தெரிந்த குரல். லிங்கசாமி.

“அவரு கடைசியாத்தான் வருவாருங்க அம்மிணி,” என்றான். “திரி வெச்சது அவருதானுங்க.”

தெரியும் என்று தலையாட்டினாள். அவளுக்குத் தெரியாதா அது. லிங்கசாமி எழுந்து மற்றவர்களோடு போய் நின்றுகொண்டான்.

இருபத்தேழு. இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது.

முப்பத்தோராவது ஆள் மெலிந்தவன், கனமே இல்லை. அவன் கால் ஊன்றியதும் துணியில் மூன்று இழுப்பு வந்தது. வேலாத்தாள் ஒன்று இழுத்தாள். சேலைத் தலைப்பால் கையைத் துடைத்து, பல்லைக் கடித்து, முழுப் பலத்தையும் கூட்டி இழுத்தாள்.

துணி வரவில்லை.

இன்னொரு தடவை. பாறையில் கட்டின மாதிரி விறைத்து நின்றது. எழுந்து நின்று இழுத்தாள். உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்தாள். ஒரு விரற்கடைகூட வரவில்லை. மூன்று இழுப்பு மட்டும் திரும்ப வந்தது, கொஞ்சம் அவசரமாக. அவள் துணியை இன்னும் உள்ளே எட்டிப் பிடித்தாள். அப்போதுதான் கைக்குத் தெரிந்தது. அங்கே துணி ஈரமாக இல்லை. காய்ந்திருந்தது. சூடாக இருந்தது. ரொம்ப நேரமாக ஒருவன் கையில் இறுக்கிப் பிடித்திருந்தால் கயிறு எப்படிச் சுடுமோ அப்படிச் சுட்டது.

முப்பத்தொரு பேரும் ஜில்லென்று வந்தார்கள். இவன் சூடாக இருந்தான்.

ஆறாம் நாள் இவன் சூடாக இருந்திருக்கிறான். அவள் பெருவிரலை மையில் வைத்தபோது இருந்திருக்கிறான். கான்கிரீட் ஊற்றும்போது, ஊற்றி முடித்து வேன் திரும்பும்போது, அவள் வீட்டுக்கு வந்து விளக்கேற்றியபோது. அந்த இரும்புக் கயிற்றில் மூன்று மூன்றாக எத்தனை நாள் இழுத்திருப்பான் என்று நினைக்க முடியவில்லை. ஐயோ என்று வாய்விட்டுச் சொன்னாள். எட்டு மாதம் கழித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது.

“ஏனுங்க,” என்றாள் துணியின் வாய்க்குள். புருஷனை அவள் வேறெப்படியும் கூப்பிட்டதில்லை. “ஏனுங்க, நாந்தானுங்க. இங்கதானுங்க இருக்கேன்.”

மூன்று இழுப்பு.

ஒன்று இழுத்தாள்.

நாலு மணிக்குப் பவர் வந்தது. பக்கத்துக் கட்டிடத்தில் மிஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக இரைந்து எழுந்தன, வேறெதுவும் கேட்காமல் போயிற்று. வேலாத்தாள் துணியை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பெண்கள் திரும்பி வந்த காலடிச் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தபோது வெயிலில் தெய்வாத்தாளும் மற்ற பெண்களும் கும்பலாக நின்றிருந்தார்கள். ஒருத்தியும் படி ஏறவில்லை. தெய்வாத்தாளின் முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. வாய் அசைவதை வைத்துத்தான் என்ன கேட்கிறாள் என்று புரிந்தது.

“ஏ வேலாத்தா. உனக்குப் பின்னால நிக்கறாங்களே, அவங்கெல்லாம் யாரு?”

வேலாத்தாள் திரும்பிப் பார்க்கவில்லை. ஜில்லென்ற ஒரு கை, ரொம்ப மரியாதையாக, அவள் தோளில் பட்டும் படாமலும் அமர்ந்தது. லிங்கசாமியின் வாய் காதுக்குப் பக்கத்தில் வந்தது.

“இழுத்துப் புண்ணியமில்லீங்க அம்மிணி. அந்த அடைப்பு எங்களை உட்டுருச்சுங்க. உசுரு இருக்கற ஆளை உடாதுங்க. கொஞ்சம் பொறுங்க. நாங்களும் அப்பிடித்தானுங்க வந்தோம்.”

மூன்று இழுப்பு வந்தது. முன்னைவிட லேசாக.

அவள் ஒன்று இழுத்தாள். இழுத்துவிட்டுத் துணியைத் தூக்கிக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தாள். சூடு இருந்தது. வாசலில் யாரோ கையெடுத்துக் கும்பிட்டு அழத் தொடங்கினார்கள், யாரோ மேனேஜர் அறைப் பக்கம் ஓடினார்கள். அவள் ஈரத் தரையில் சம்மணம் போட்டு நன்றாக உட்கார்ந்துகொண்டாள். முப்பத்தொரு பேரும் பின்னால் அசையாமல் நின்றார்கள். ஒவ்வொரு மூன்றுக்கும் தவறாமல் ஒன்று கொடுத்துக்கொண்டு, இடையிடையே துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு, அந்தச் சூடு ஆறுவதற்காக வேலாத்தாள் காத்திருந்தாள்.